பித்தளை மேசை

"அப்பறம் கோயிலுக்கு வெடி வச்சுட்டாங்களா?"

"வச்சாங்க அத்தை. மொத வெடிக்கு விழல. செவரு மட்டும் விரிசல் விட்டுச்சு. மறுநா திரும்ப வச்சாங்க."

"அப்ப ஒரு ராத்திரி பூரா விரிசலோட நின்னுருக்கு."

"நின்னுருக்கு."

"அந்த ஊரு ஆளுங்க பாத்துக்கிட்டா இருந்தாங்க?"

ரஞ்சிதா கைபேசியில் பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தாள். ஆண்டு இருந்தது, வெடிமருந்தின் எடை இருந்தது, உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயர்கூட இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. "பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. வேற என்ன செய்ய முடியும்?" என்றாள்.

சந்தனம் அடுப்படி நிலையில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. கழுவிக்கொள்ளச் சொல்லி ரஞ்சிதா வைத்த செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. வெளியே மழை வருவதும் விடுவதுமாக இருந்தது. தெருவில் யாரோ சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். போகும்போது வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மண் கல்லறைத் தோட்டத்து மண். மறுநாள் நவம்பர் இரண்டு. செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். ஊரில் எல்லோரையும் போல சந்தனத்தின் கணவர் இன்னாசியும் காலையிலேயே மண்வெட்டியோடு போய், தன் அப்பாவின் கல்லறையைச் சுற்றி முளைத்திருந்த புல்லைச் செதுக்கிச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்தார். அத்தோடு திரும்பியிருந்தால் ஒன்றுமில்லை. பக்கத்தில் கிடந்த வெற்றிடத்தில் ஆள் நீளத்துக்கு மண்ணைக் கூட்டி மேடு கட்டி, தலைமாட்டில் முந்திரிக் கட்டையால் ஒரு சிலுவையையும் நட்டுவிட்டார். பெயர் எழுதவில்லை. யாருக்கு என்று கேட்க வேண்டிய தேவையும் யாருக்கும் இல்லை. குழாயடியில் ஒருத்தி சொல்ல, குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிய சந்தனம், அந்த மேட்டைக் கையாலேயே பறித்துத் தரையாக்கினாள். இன்னாசி தடுக்கவில்லை. ஒரு வருசமாயிருச்சு, ஒரு மெழுகுவர்த்தி வைக்கவாவது எனக்கு ஒரு எடம் வேணும்ல என்று மட்டும் சொன்னாராம். பிறகு பிடுங்கி எறியப்பட்ட சிலுவையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு முந்திரித் தோப்புப் பக்கம் போய்விட்டார். ஊரே பார்த்தது.

பீட்டர் அவர்களுக்கு ஒரே பிள்ளை. புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் சமையல் வேலை பார்த்தான். வாரம் ஒருமுறை ஊருக்கு வரும்போது, பக்கத்து வீட்டு ரஞ்சிதா கேட்ட புத்தகங்களை மாவட்ட மைய நூலகத்திலிருந்து எடுத்து வருவான். எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். பனியும் குதிரை வண்டியும் கடன்பட்ட பிரபுக்களும் நிறைந்தவை. "இந்தாளு பேரப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள கறி வெந்துரும்" என்பான். அவள் பார்த்த பனியெல்லாம் அச்செழுத்தில் பெய்தது. அவன் நிஜமாகவே அந்தப் பனிக்குள் போனபோது, தான் படித்த பக்கங்களுக்குள் ஒருவன் செருப்போடு நுழைந்துவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஏஜென்ட் ஒருவர் மூலம் கிடைத்த வேலை அது. ரஷ்யாவில் மலையடிவாரத்து ஊர். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் ஊறும். நோயாளிகள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் அதில் குளிக்கவும் எங்கிருந்தெல்லாமோ வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்கள் தங்கும் விடுதியொன்றின் சமையலறையில் காய் நறுக்க வேண்டும். ஊரின் பெயர் சந்தனத்தின் வாயில் நுழையவில்லை. வெந்நீ ஊரு என்றே சொன்னாள். முதல் மாதங்களில் அவன் தினமும் பேசினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்த கோயிலுக்குப் போனான். அது நம்ம சபை இல்லை, ஆர்த்தடாக்ஸ் சபை, ஆனாலும் மாதா மாதாதானே என்றான். உள்ளே பெஞ்சே கிடையாது, கீழேயும் உட்கார விடமாட்டார்கள், பூசை முடிகிறவரை நின்றால் முட்டி கழன்றுவிடும், சிலுவையைக்கூட நமக்கு எதிர்ப்பக்கமாக வலது தோளில் ஆரம்பித்துப் போடுகிறார்கள், நானும் ஊரோடு ஒத்துப்போய்விட்டேன் என்று சிரித்தான். அந்தக் கோயில் முன்னால் நின்று எடுத்த படத்தை அனுப்பினான். மஞ்சள் சுவர், வெங்காயம் போல நீலக் கூம்பு. அவன் காலடியில் சாக்கடை மூடியின் ஓட்டைகள் வழியாக வெந்நீர் ஆவி எழுந்து முழங்கால்வரை அவனை மறைத்திருந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து ரஞ்சிதாவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கேன்டீனை மூடிவிட்டார்கள், வேறு வேலை தருகிறோம் என்று ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள், வேனில் கூட்டிப்போகிறார்கள், டவர் இருக்காது, அம்மாகிட்ட சொல்லிரு. அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. அது என்ன பேப்பராக இருக்கும் என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்படிக் கையெழுத்துப் போட்டுப் போர் நடக்கும் பக்கம் போனவர்களின் படங்கள் அடிக்கடி வந்துகொண்டிருந்தன. இன்னாசி திங்கள்கிழமைதோறும் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றார். மேலே அனுப்பியிருக்கோம் என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் மேலே ஒன்றைச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். ஐப்பசி பிறந்ததும் போவதை நிறுத்திவிட்டார்.

சந்தனம் மட்டும் அந்தப் படத்தை விடவில்லை. இந்தக் கோயிலைப் பத்திப் பாரு என்று ரஞ்சிதாவிடம் கேட்டாள். அவனைப் பற்றி எந்த இடத்திலும் எழுதியிருக்காது, ஆனால் அவன் நின்ற இடத்தைப் பற்றி எழுதியிருக்கும் என்பது அவளுடைய கணக்கு. ரஞ்சிதா தேடினாள். அந்தக் கோயிலுக்கென்றே ஒரு பக்கம் இருந்தது. வரலாறு. கைபேசியே அதை ஒருமாதிரித் தமிழில் மாற்றிக் கொடுத்தது. எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை ஒரு பக்கமுமாகக் கிடந்த வாக்கியங்களை அவள் நிமிர்த்திக் கதையாகச் சொன்னாள். அன்றிலிருந்து சந்தனத்துக்கு அது ஜெபமாலை மாதிரி ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் ஒருமுறை உருட்ட வேண்டும்.

நடக்க முடியாத மனைவியை அந்த ஊற்றுக்குக் கூட்டிவந்த ஒரு தானிய வியாபாரிதான் கோயிலைக் கட்டியவன். மூன்று கோடைகாலம் அந்தத் தண்ணீரில் குளித்தும் அவள் எழுந்து நடக்காமலே இறந்துபோனாள். குணமாயிருந்தா கட்டியிருக்க மாட்டான் என்று முதல் தடவை கேட்டபோதே சந்தனம் சொன்னாள். சிரிச்சுக்கிட்டே ஊருக்குப் போயிருப்பான். அடுத்து வந்த, சாமியே இல்லை என்ற ஆட்சியில் மணிகளை இறக்கினார்கள். நோயாளிகளின் உடம்பில் பூசுகிற சேற்றை உள்ளே கொட்டி வைத்தார்கள். கடைசியில் வெடி. இடிந்த செங்கல்லை எடுத்துக் குளியல் கட்டடத்துக்குப் படி கட்டினார்கள். கோயில் நின்ற இடத்தில் பூங்கா வந்தது. ஐம்பது வருசம் ஒன்றுமே இல்லாத இடத்துக்கு நேராகத் திரும்பி நின்று, கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்தபடி ஊர் மக்கள் வேண்டிக்கொண்டார்கள். பிறகு காலம் மாறி, பழைய படங்களைப் பார்த்து அதே மாதிரி மறுபடி கட்டினார்கள். பீட்டர் நின்றது அந்த மறுபடி கட்டிய கோயிலின் முன்னால்.

பழைய கோயிலில் இருந்த எதுவும் மிஞ்சவில்லை, ஒன்றைத் தவிர. குளியல் கட்டடத்தில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்ட ஒருவன், வெடி வைப்பதற்கு முந்தின இரவு, இடுப்பு உயரப் பித்தளை மேசையொன்றைத் தூக்கி வந்துவிட்டான். மெழுகுவர்த்தி நட மேலே குழிகள், ஒரு விளிம்பில் ஒரு முழ உயரச் சிலுவை. சிலுவையைக் கழற்றி ஒளித்துவிட்டு, மேசைமேல் துணி விரித்து, கொதிகலன் அறையில் தேநீர் வைக்கும் மேசையாகவே வைத்திருந்தான். அவன் மகள்தான் கோயில் திறந்த அன்று அதைச் சிலுவையோடு திருப்பிக் கொடுத்தாள்.

இந்த இடத்தை ரஞ்சிதா முதன்முதலில் வாசித்தபோது ஒரு வரியைத் தாண்டிப் போனாள். அது இறந்தவர்களுக்கான மேசை. செத்தவர்களின் ஆன்மாவுக்கு மட்டும் அதில் மெழுகுவர்த்தி வைப்பார்கள், உயிரோடிருப்பவர்களுக்கு வைக்கவே கூடாது, அதற்கு வட்டத் தட்டுகள் வேறாக இருக்கின்றன என்று எழுதியிருந்தது. அவள் படித்த நாவல்களில்கூட யாரோ ஒரு விதவை அப்படியொரு மேசை முன்னால் நின்றிருக்கிறாள். இந்த வீட்டில் அந்தச் சொல்லை உச்சரிக்க அன்றைக்கு அவளுக்கு நாக்கு வரவில்லை. பித்தளை மேசை என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனை முறை சொன்னபோதும் அது பித்தளை மேசையாகவே இருந்தது.

செம்மண் காய்ந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சந்தனம் இப்போது கேட்டாள்: "அந்தத் தம்பி நாளைக்குக் கண்டிப்பாப் போகுதா?"

திருக்கோகர்ணத்துப் பையன் வெற்றிசெல்வன். பீட்டர் வேலை பார்த்த ஊரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி மருத்துவம் படிக்கிறான். ரஞ்சிதாவின் கல்லூரித் தோழி வனிதாவுக்குச் சொந்தம். முன்பே ஒருமுறை அந்த விடுதிக்குப் போய் விசாரித்திருந்தான். அப்படி ஒருத்தர் இப்போது இல்லை என்று சொல்லி, விசாரிக்கப் போனவனுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறார்கள். பயந்துபோய் வந்துவிட்டான். இனிமேல் யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன், மெழுகுவர்த்தி மட்டும் என்றால் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

"போறாரு அத்தை. சாயங்காலம் வீடியோ கால்ல காட்டுறேன்னாரு."

"அந்த மேசையில வைக்கச் சொல்லு."

ரஞ்சிதா நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் போயும் மிஞ்சுனது அது ஒண்ணுதான. வெடிக்கும் தப்பிச்சிருக்கு, ஆளுங்க கண்ணுக்கும் தப்பிச்சிருக்கு. எம்புள்ளைக்கு அதுலதான் வைக்கணும்." செம்பை எடுத்து, கையைக் கழுவாமல், தண்ணீரைக் குடித்தாள். "இங்க அவரு மேடு கட்டி மெழுகுவர்த்தி வைக்கட்டும். நான் அங்கிட்டு உசுரோட இருக்கறவனுக்கு வைக்கிறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் காய்ந்த மண் உதிர்ந்துகொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் வெற்றிசெல்வனுக்குச் செய்தி அனுப்பினாள். சதுரமாக, சிலுவை வைத்த பித்தளை மேசை ஒன்று இருக்கும், அதில் மட்டும் வைக்க வேண்டாம், மாதா படத்துக்கு முன்னால் வட்டத் தட்டில் வையுங்கள், அத்தையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவன் கட்டைவிரலை அனுப்பினான்.

மறுநாள் நாலு மணிக்கே ஊர் காலியாகிவிட்டது. கல்லறைகளை மந்திரிப்பதற்குப் பங்குச் சாமியார் வருவதற்குள் இடம் பிடிக்க, பூவும் மெழுகுவர்த்தியும் குடையுமாக எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். இன்னாசி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கையிலிருந்த பையில் இரண்டு மெழுகுவர்த்திப் பாக்கெட்டுகள் இருந்தன. அவருடைய அப்பாவுக்கு ஒன்று போதும். சந்தனம் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். இறங்கி நடந்தார்.

சந்தனம் தலைக்குக் குளித்து, பீட்டர் வாங்கிக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். மாதா படத்துக்குக் கீழே கைபேசியை ஒரு செம்பின்மேல் சாய்த்து வைத்தார்கள். அழைப்பு வந்ததும் வலது தோளில் தொடங்கி எதிர்ப்பக்கமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். பீட்டருக்காக வேண்டும்போது அப்படித்தான் போடுவாள். அவன் இருக்கிற ஊர் வழக்கப்படி கேட்டால்தான் அந்த ஊர்ச் சாமிக்குப் புரியும் என்பதுபோல.

முதலில் வெற்றிசெல்வனின் மோவாய் மட்டும் தெரிந்தது. உள்ளே படம் எடுக்கக் கூடாது, சட்டைப் பைக்குள் மறைத்துத்தான் காட்டணும்மா என்று கிசுகிசுத்தான். திரையில் கூரை வந்தது, கம்பளிக் குல்லாக்கள் வந்தன, நின்றுகொண்டிருந்தவர்களின் முதுகுகள் வந்தன. பிறகு தீபங்கள். வட்டத் தட்டு ஒன்றில் பெரிதும் சிறிதுமாக மெழுகுவர்த்திகள் எரிந்தன. அவன் தன் கையிலிருந்ததை அதை நோக்கி நீட்டினான். ரஞ்சிதா மூச்சு விட்டாள்.

"இது இல்ல தம்பி," என்றாள் சந்தனம். "மேசை. பித்தளை மேசை."

"இங்கயும் வைக்கலாம்மா. மாதாவுக்கு முன்னாடிதான்."

"தெரியுது சாமி. மேசை எங்கிட்டு இருக்குன்னு பாரு."

படம் சுற்றியது. ஓர் ஓரத்தில், சன்னலுக்குக் கீழே, அது நின்றது. ரஞ்சிதா சொல்லிச் சொல்லி சந்தனம் மனதில் வைத்திருந்தது போலவே இருந்தது. இடுப்பு உயரம், விளிம்பில் சிலுவை. அதில் எரிந்த மெழுகுவர்த்திகள் மற்ற இடத்தைவிடக் குறைவு. "அதான், அதேதான்" என்று சந்தனம் எழுந்து நின்றுவிட்டாள். சொந்தக்காரரை ரயிலில் பார்த்தவள் மாதிரி திரையைத் தொட்டாள்.

வெற்றிசெல்வன் தயங்கினான். "அதுல வேணாம்னு ரஞ்சிதா மெசேஜ் போட்டிருந்தாங்களே."

சந்தனம் திரும்பிப் பார்த்தாள். அதிக நேரமில்லை. ஆனால் அந்தப் பார்வைக்குள் ஒரு வருசத்து மாலைகளும், சொன்ன கதைகளும், சொல்லும்போது எங்கே குரல் தாழ்ந்தது என்பதும் வந்துவிட்டுப் போனதை ரஞ்சிதா உணர்ந்தாள்.

"கூட்டமா இருக்கும்னு சொன்னேன் அத்தை."

"கூட்டமே இல்லையே," என்றாள் சந்தனம் மெதுவாக. பிறகு திரையிடம், "பரவால்ல தம்பி. அதுலயே வையி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் வைத்தான். நின்ற சுடர் ஒருமுறை படுத்து எழுந்தது. சந்தனத்தின் உதடுகள் அசைந்தன. அப்போது திரைக்குள் ஒரு கை வந்தது. அங்கே மெழுகு வழித்துச் சுத்தம் செய்யும் பெண், தலையில் பூப்போட்ட துணி கட்டியவள். விரட்டப்போகிறாள் என்று ரஞ்சிதா நினைத்தாள். அந்தப் பெண் விரட்டவில்லை. சாய்ந்திருந்த மெழுகுவர்த்தியை நேராக்கினாள். வெற்றிசெல்வனிடம் ஏதோ கேட்டாள். அவன் "பீட்டர்" என்றான். அவள் அந்தப் பெயரைத் தன் மொழிப்படித் திருத்திச் சொல்லி, தலை குனிந்து சிலுவை போட்டு, மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னாள். சட்டைப் பையில் கைபேசி இருப்பதை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். கோபிக்காமல், குனிந்து, நேராகத் திரைக்குள் பார்த்தாள். நீலச் சேலையில் நின்ற சந்தனத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்தது. கையை நெஞ்சில் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினாள்.

"அந்தம்மா என்ன தம்பி சொல்றாங்க?"

மூன்று வருசமாக அந்த நாட்டில் நோயாளிகளோடு அந்த மொழியில்தான் வெற்றிசெல்வன் பேசிப் பழகுகிறான். அவன் முகம் திரையில் வந்தபோது வெளுத்திருந்தது. ரஞ்சிதாவைத் தேடி அவன் கண்கள் அலைந்தன. ஏன் வேண்டாம் என்று சொன்னாள் என்பது இப்போதுதான் அவனுக்கு விளங்கியிருந்தது.

"பேரு கேட்டாங்கம்மா. சொன்னேன்," என்றான். "அவங்க ஊர்லயும் அந்தப் பேரு உண்டாம்." பிறகு ரயிலுக்கு நேரமாகிறது என்றான். திரை அணைந்தது.

சந்தனம் உட்கார்ந்தாள். சோறு போடவா என்று ரஞ்சிதா கேட்டதற்குத் தலையாட்டினாள். முந்தின நாளிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. தட்டில் ரசம் ஊற்றிப் பிசைந்து, மூன்று வாய் சாப்பிட்டு, நான்காவதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியாகத் தெருமுனைக்கு அப்பால் கல்லறைத் தோட்டம் தெரிந்தது. மழை நின்றிருந்தது. நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள், குடைகளுக்கு அடியில் சில, வெறும் தரையில் சில. ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு குடும்பம். இன்னாசி எங்கே நிற்கிறார் என்று இங்கிருந்து தெரியவில்லை. இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்தாரா, பிரித்து அந்தத் தட்டையான தரையில் வைத்தாரா என்பதும் தெரியவில்லை.

"எங்கப்பா செத்தப்ப," என்றாள் சந்தனம், தட்டைப் பார்த்தபடியே, "கந்தர்வக்கோட்டையில இருந்து ஒரு பொம்பள வந்துச்சு. யாருன்னே எங்களுக்குத் தெரியாது. வந்து எங்கம்மாவ இப்படித்தான் பாத்துச்சு. நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு."

ரஞ்சிதா தட்டைப் பார்க்காமல் எழுந்தாள். போய் கைபேசியை எடுத்தாள். செம்பில் சாய்ந்திருந்ததில் அதன் பின்பக்கம் ஈரமாகியிருந்தது, முந்தானையால் துடைத்தாள். போய்விடலாம் என்று நினைத்தாள். அம்மா தேடும் என்று சொல்லலாம். வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் நின்றாள்.

"ரஞ்சிதம்."

அவள் திரும்பினாள். சந்தனம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கையைக் கழுவி, சேலையில் துடைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். குரலில் கோபம் இல்லை.

"அந்த மேசையப் பத்தி எழுதியிருக்குல்ல, அத எடு. இன்னைக்கு நீயாச் சொல்லாத தாயி. அதுல என்ன இருக்கோ, ஒரு வரி விடாம, அப்படியே படிச்சுக் காட்டு."